கடலின் அடித்தரை பார்க்க ஒரு பில்டர்

சாயப்பட்டறை லேப்பில் ஷேடு பார்க்கிறவன் நான். வெள்ளைத் துணியை நீட்டினால் இது நீலம் ஓடின வெள்ளை, இது மஞ்சள் ஓடின வெள்ளை என்று சட்டெனச் சொல்லிவிடுவேன். அந்தத் திமிரோடுதான் கோயமுத்தூர் கேமராக் கடையில் போய் நின்றேன், சட்டைப் பையில் ஒரு துண்டு பனியன் துணியோடு.

பொங்கலுக்குக் கம்பெனி லீவு. மனைவியை ராமேஸ்வரம் கூட்டிப் போவதாக முடிவு. அவளுக்குக் கண்ணில் அழுத்த நோய். வலது கண் போன வருசமே முழுசாக இருண்டுவிட்டது. இடது கண்ணில் மிச்சம் இருப்பதும் நிற்காது, ஆசைப்பட்டதைச் சீக்கிரம் காட்டிவிடுங்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அங்க கடல்ல அடித்தரை தெரியுமாமே, பாக்கலாமுங்களா?” ஆனால் தண்ணீர் வெயிலில் மினுங்கினால் அவளுக்கு எல்லாமே வெள்ளைத் திரை. அந்த மினுக்கத்தை வெட்டுவதற்கு லென்ஸ் முன்னால் மாட்டுகிற கண்ணாடி ஒன்று உண்டு, போலரைசிங் பில்டர் என்று பேர், என லேப்பில் ஒருத்தர் சொன்னார். படம் பிடித்து, பெரிசாகப் பிரிண்டு போட்டு, கண்ணோடு ஒட்டி வைத்தாவது காட்டிவிடணும். எனக்கு வேறு வழி தெரியவில்லை. “கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமாக்கும்,” என்றான் மச்சான். அவனோடு பேச்சையே நிறுத்திவிட்டேன்.

கடைக்காரர் இரண்டு பில்டர்களை எடுத்து வைத்தார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் அவற்றின் வழியே பனியன் துணியைப் பார்த்தேன். ஒன்றில் மஞ்சள் ஏறியது.

“ஷேடு மாறுதுங்க,” என்றேன்.

“ஏனுங்க, போட்டோ எடுக்கப் போறீங்களா, துணி எடுக்கப் போறீங்களா?”

எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. என் ஊட்டுக் கஷ்டம் இவருக்கென்ன தெரியும்? அவர் மற்றொன்றை வாங்கி, கண்ணாடி மேசைக்கு மேல் பிடித்து மெல்லத் திருகிக் காட்டினார். மேசைமேல் பளிச்சிட்ட வெளிச்சம் கரைந்து, அடியில் அடுக்கியிருந்த பிலிம் ரோல்கள் தெளிவாகத் தெரிந்தன. விலைகூடக் கேட்காமல் “குடுங்க” என்றேன்.

ராமேஸ்வரத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. அவளைக் கரையில் நிற்கவைத்துவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். கேமராவில் கண்ணை வைத்து பில்டரைத் திருகத் திருக, மினுக்கம் போய் மணல் தெரிந்தது, பாசி தெரிந்தது, விரலளவு மீன்கூடத் தெரிந்தது. படம் கழுவி வரும்வரை யாரால் பொறுக்க முடியும்? பில்டரைக் கழற்றிக்கொண்டு அவளைத் தண்ணீருக்குள் இழுத்து வந்தேன்.

“இதுல பாரு புள்ள,” என்று அவள் கண்ணருகே பிடித்துத் திருகினேன்.

“தெரியுதுங்க. எத்தனை அழகு,” என்றாள்.

அவசரத்தில் நான் பிடித்திருந்தது இருண்டுபோன வலது கண்ணுக்கு. இடது கண்ணை அவள் மூடியிருந்தாள். என் மனசு நோகக் கூடாதென்று பொய் சொல்கிறாள். இப்படியும் ஒருத்தியா என்றிருந்தது. பில்டரை இடது கண்ணுக்கு மாற்றினேன்.

“இப்ப?”

இடது கண்ணைத் திறந்து தண்ணீர்ப் பக்கம் குனிந்தாள்.

“அதேதாங்க. அப்படியேதான் தெரியுது,” என்றாள்.

வலது கண்ணுக்குத் தெரிந்த அதே இருட்டு. நான் திருகிக்கொண்டே இருந்தேன்.