பல்ப் பீரோவில் வைத்த பாட்டில்

போர்ட் பிளேயரில் ஒரு கல்லூரியின் பௌதிக ஆய்வகத்தைக் கவனித்துக்கொண்ட சந்திரமதிக்கு 1976இல் முப்பத்தெட்டு வயது. ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்து ஏழு வருஷம் ஓடிவிட்டது. வழிகாட்டும் பேராசிரியர் டிசம்பரில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் அளவுகளை அனுப்பாவிட்டால் பட்டம் அவ்வளவுதான். மெட்ராஸிலிருந்து கப்பலில் அவர் அனுப்பிய சின்ன பாட்டிலைத்தான் அவள் மலைபோல் நம்பியிருந்தாள்.

உள்ளே இருந்தது திரவப் படிகம். எண் காட்டும் புதுவகைக் கைக்கடிகாரத்தில் வைக்கிறார்களே, அந்த ஜாதி. காந்தத்துக்கு நடுவே வைத்தால் அதன் மூலக்கூறுகள் திரும்பிக்கொள்ளும். காந்தத்தை எடுத்தால் பழைய நிலைக்கு வரும். வர எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்தால், அதன் பிசுபிசுப்புக்கும் விறைப்புக்கும் உள்ள விகிதம் தெரிந்துவிடும். நுண்ணோக்கியில் கண்ணும் ஸ்டாப் வாட்ச்சில் விரலுமாக மூன்று மாதம் உட்கார்ந்தாள். கழுத்துவலி உயிரை எடுத்தது.

ஈரம் ஆகாது என்று பேராசிரியர் எழுதியிருந்தார். அந்தமான் மழையில் எதுதான் பூஞ்சணம் பிடிக்காமல் தப்புகிறது? ஊரே செய்வதைத்தான் அவளும் செய்தாள். ஊரின் டாலிகஞ்ச் பகுதியில் இருந்த அவள் வீட்டில் பட்டுச்சேலைகளும் சர்டிபிகேட்டுகளும் இருந்த பீரோவுக்குள் நாற்பது வாட் பல்ப் எரியும். பாட்டிலை அதன் பக்கத்தில் வைத்தாள்.

நொடிகள் வாராவாரம் குறைந்தன. பதினான்கு, பன்னிரண்டு, பத்து. எதையோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று பூரித்துப்போனாள் பாவி. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அக்டோபர் கடைசியில் ஒரு சொட்டைச் சூடாக்கிப் பார்த்தாள். வந்த புதிதில் நாற்பத்தாறு டிகிரியில் கலங்கல் போய்த் தெளிந்த சரக்கு, இப்போது முப்பத்தெட்டிலேயே தெளிந்தது. சரக்கு கெட்டுப்போய்விட்டது; நொடிகள் குறைந்ததும் அதனால்தான். தினம் இரண்டு தடவை கரண்ட் போகும். பல்ப் அணைந்ததும் பாட்டில் குளிர்ந்து, மூடி இடுக்கு வழியாக ஈரக்காற்றை உள்ளே இழுத்திருக்கிறது.

சாத்தம் மர மில்லில் வேலை பார்த்த கணவன் கோவிந்தராஜ் வேறு பாட்டில் வரவழைக்கலாமே என்றான். அது வந்து மறுபடி மூன்று மாதம் அளப்பதற்குள் டிசம்பர் முடிந்துவிடும் என்றாள்.

"அப்ப மூணு மாச மெஹனத் பூரா பேக்காரா, பட்ட பாடெல்லாம் வீணா? இருக்கிற நம்பரையே அனுப்பிடு. இங்க வந்து யாரு பாக்கப்போறா?"

அன்று மத்தியானம் முழுக்க அவளும் அதைத்தான் யோசித்திருந்தாள்.

"அளந்ததெல்லாம் சரியாத்தாங்க அளந்தேன். ஆனா நான் அளந்தது அவர் அனுப்பின சரக்கு இல்ல."

அந்த வாரக் கப்பலில் பேராசிரியருக்குக் கடிதம் போயிற்று. பதிவை நீக்கிவிடும்படி இரண்டே வரி. ஏன் என்று கேட்டு அவர் எழுதவும் இல்லை.