சித்தி கையெழுத்து வைக்காத தாள்

ஜெர்மனியின் எசன் நகரில் நாங்கள் அப்போது குடியிருந்த வீட்டிலிருந்து பெண்களைப் பார்க்கும் அந்த வைத்தியரிடம் போக ஏழு ட்ராம் தரிப்பிடங்கள். இப்போது எட்டாக்கிவிட்டார்கள். எதற்காக ஒன்றைக் கூட்டினார்களோ தெரியாது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அறுபதைத் தாண்டியவனுக்கு எரிச்சல்பட இவ்வளவு காரணம் போதும்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. வீட்டில் எட்டுப் பேர் இருந்தோம். டொச், அதாவது ஜெர்மன் மொழி, ஓரளவு பிடிபட்டது எனக்கு மட்டும்தான். யாருக்கு எங்கே நேரம் குறித்து டெர்மின் கொடுத்தாலும் என்னைத்தான் கூட்டிப்போவார்கள். விசா அலுவல் பார்க்கும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் உயரமான மேசை எனக்கு எட்டாது. கால்விரலில் நின்றபடி பெரியவர்களின் கதையெல்லாம் சொல்வேன். உள்ளூரப் பெருமைதான்.

அம்மாவின் தங்கையான சித்திக்கு அப்போது இருபத்துநான்கு. இரண்டு பெண் பிள்ளைகள், இளையவள் எட்டு மாதக் குழந்தை. ஒருநாள் சமையலறையில் என்னைப் பிடித்தார்.

"தம்பி, நாளைக்கு எனக்கு டொச் கதைக்க வாறியே?"

"என்ன வருத்தம் சித்தி?"

"வருத்தம் ஒண்டும் இல்லை. வா, சொல்லுறன்."

ட்ராமில் ஆறாவது தரிப்பிடத்தையும் தாண்டினோம். சித்தி ஜன்னலைப் பார்த்தபடி வேகமாகச் சொன்னார். "பிள்ளை வேண்டாம் எண்டில்லை. இப்ப வேண்டாம். அதுக்கு ஒரு மாத்திரை இருக்காம், அதைக் கேள். அந்த 'இப்ப'வை மட்டும் விட்டுடாதை."

என் இரண்டு காதும் சுட்டன.

காத்திருக்கும் அறையில் பதினொரு கதிரைகள். எங்களுக்கு முன்னால் உள்ளே போனவள், எங்கள் தெருமுனைப் பேக்கரியில் நிற்கும் பொன்னிறத் தலைமுடிக்காரி. ஆறு நிமிடத்தில் மருந்துச் சீட்டோடு வெளியே வந்து, தாதியிடம் சத்தமாகவே கதைத்தாள்.

"என்னவாம்?" என்றார் சித்தி.

"மாத்திரையாம்."

"பாத்தியே, சுகமான அலுவல்."

வைத்தியர் நரைத்த தலையர், மரியாதையான மனிதர். எனக்கு ஒரு இனிப்புக்கூடத் தந்தார். நான் பாடமாக்கி வந்ததை ஒப்புவித்தேன். 'இப்ப'வுக்குரிய டொச் சொல்லை மூன்று தரம் சொன்னேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விரல் மடித்து எண்ணினேன். அவர் சித்தியைப் பார்க்காமல் எனக்கு விளக்கினார். மாத்திரை நாள் தவறாமல் போடவேண்டியது, உங்கள் ஆட்கள் மறந்துவிடுவார்கள், உங்களுக்கெல்லாம் ஒரேயடியாகச் செய்வதுதான் நல்லது என்றார்.

"நீங்கள் மறந்துபோவியளாம், சித்தி."

"ஆர், நானோ? மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பிப் பால் குடுக்கிறன், ஒரு நாள் மறந்தனானே?"

அதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஒரு தாளை எங்கள் பக்கம் தள்ளினார். கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி போட்டிருந்தது. தலைப்பில் நீளமாக ஒரு சொல்: ஸ்டெரிலிசாட்சியோன். எனக்குத் தெரியாத சொல். ஆனால் அதன் முன்பாதி தெரியும். பள்ளிக்கூட முதலுதவிப் பெட்டியில் காயத்துக்குக் கட்டும் துணிப் பொட்டலங்களில் 'ஸ்டெரில்' என்று அச்சடித்திருக்கும். கிருமி இல்லாத சுத்தம் என்று வாத்தியார் சொல்லித் தந்திருந்தார். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் சொன்னேன்.

"உங்களைச் சுத்தப்படுத்துவினமாம், சித்தி. சின்ன ஒப்பரேசனாம். கையெழுத்து வைக்கட்டாம்."

சித்தியின் முகம் மாறிவிட்டது.

"என்னையோ? கறி மணக்குதெண்டு கீழ்வீட்டுக்காரி படியில மூக்கைப் பொத்துறாள். இப்ப இவர் என்னைக் கழுவப்போறாரோ? நான் விடிய வெள்ளனக் குளிச்சிட்டு வந்தனான். உவர் கடைசியா எப்ப குளிச்சவர் எண்டு கேள்!"

"யோசித்துச் சொல்வாராம்" என்று வைத்தியரிடம் சொன்னேன். சித்தி பேனையைத் தொடவேயில்லை. தாளைத் திருப்பித் தள்ளிவிட்டு எழுந்தார்.

மாத்திரை பிறகு கிடைத்தது. பேக்கரிக்காரியிடம் நான்தான் போய்க் கேட்டேன். அவள் பாண் பையில் வேறொரு வைத்தியரின் தெருப்பெயரை எழுதித் தந்தாள். அந்தப் பெண் வைத்தியர் சித்தியின் முகத்தைப் பார்த்து எவ்வளவு காலத்துக்கு என்று மட்டும் கேட்டார். நான் வாய் திறக்குமுன் சித்தி நான்கு விரலைக் காட்டினார். ஐந்தாம் வருடம் சித்தியின் மகன், என் தம்பி, பிறந்தான். அவன் கலியாணத்திலும் இந்தக் குளிப்புக் கதையைச் சொல்லிச் சிரித்தோம். எல்லாரையும்விடக் கூடச் சிரித்தவர் சித்திதான். எனக்குப் பதினாறு வயதில், அந்தத் தாளின் தலைப்புச் சொல்லை அகராதியில் பார்த்து, இனிப் பிள்ளையே பிறக்காமல் செய்துவிடுவது என்று கண்டு பயந்துபோய் அவரிடம் ஓடினேன். "நீ பிழையாத்தான் சொன்னனி. எனக்குச் சரியாத்தான் விளங்கினது" என்றார்.

கலியாணவீட்டில் நான் சொல்லாத ஒரு பகுதி உண்டு.

அன்று அந்த முதல் வைத்தியரின் அறையிலிருந்து வெளியே வந்த சித்தி, கோபத்தில் ஒரு கையுறையை எங்கேயோ விட்டுவிட்டார். நாங்கள் கதிரைகளுக்குக் கீழே குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது அடுத்தவரை உள்ளே கூப்பிட்டார்கள். இளம் பெண், எங்களைவிடக் கறுப்பு, எந்த நாடென்று தெரியாது. கூட ஒருவரும் இல்லை. பழக்கதோஷத்தில் நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிடத்தில் கதவு திறந்தது. அவள் கையில் அதே தாள். புள்ளடிக்குப் பக்கத்தில் பெரிய, நிதானமான எழுத்தில் பெயர். தாதி முத்திரை குத்தி, டெர்மின் அட்டை ஒன்றைக் கொடுத்தாள். அந்தப் பெண் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். சித்தியும் சிரித்து, கதிரைக்குக் கீழே கிடந்த கையுறையை எடுத்துக்கொண்டார்.

ட்ராமில் எனக்குச் சரியான வெட்கம். கூட்டிவர ஆளில்லாத அந்த அக்காவின் அலுவல் எவ்வளவு கெதியாக முடிந்துவிட்டது, நான் வராமல் இருந்திருந்தால் சித்தியின் அலுவலும் அப்படி ஒழுங்காக முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.