மகளின் ஈயமும் மாப்பிள்ளையின் தகப்பனும்

என் மகள் ஈயத்தின் அணுக்கருக்களைப் படுவேகத்தில் ஒன்றோடொன்று மோதவிட்டு, அவற்றுக்குள் என்ன இருக்கிறதென்று ஆராய்கிறாள். லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் சாமான் அடுக்கும் எனக்கு அது விளங்கியதே இல்லை. கேட்கவும் கூச்சம்.

போன மாதம் புறநகரான கார்ஜிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல சம்பந்தம் என்று நானும் ஆசைப்பட்டிருந்தேன். மாப்பிள்ளையின் தகப்பன் உணவகம் வைத்திருப்பவர்; மாப்பிள்ளைக்கும் அதிலேதான் வேலை. தங்கச் சங்கிலியைச் சட்டைக்கு மேலே எடுத்துவிட்டு, என் வடையைத் தின்றுகொண்டே சிரித்தார்.

"உடைக்கிறதுக்கும் ஒரு படிப்போ பிள்ளை? என்ரை குசினியிலை பெடியள் ஒவ்வொரு நாளும் கோப்பை உடைக்கிறாங்கள்!"

மாப்பிள்ளையும் சேர்ந்து சிரித்தான்.

"மோதினாத்தான் அங்கிள், உள்ளுக்கை இருக்கிறது வெளியிலை வரும்," என்றாள் மகள் பொறுமையாக.

அவர் என் பக்கம் திரும்பினார். "கலியாணத்துக்குப் பிறகு உந்த வேலையை விட்டிட வேணும்."

எல்லோருக்கும் ஓம் போடுகிறவள் நான். அன்று ஏனோ மெதுவாகக் கேட்டேன்: "அப்ப மாப்பிள்ளைத் தம்பி சாப்பாட்டுக் கடையை விடுவாரோ?"

அவர் முகம் கறுத்தது. "சாமான் அடுக்கிறவளுக்கு இவ்வளவு வாயோ? பாவம் பாத்து வந்தனாங்கள்!" மகனையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேனோ என்று மகளைப் பார்த்தேன்.

"அம்மா, இதுதான் என்ரை வேலை," என்று சிரித்தாள்.

அவளுடைய படிப்பு அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஈயத்துக்குப் பெரிய இயந்திரம் வேண்டியிருக்கிறது. அந்த மனிதருக்கு என்னுடைய ஒரு கேள்வியே போதுமாக இருந்தது.