மெதுவாக அமுக்கச் சொன்னேன்

நான் அரசாங்க கிளினிக்கில் நர்ஸ். மலேசியாவில், குளுவாங் பக்கம். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். சொன்னால் அங்கே என்னோடு வேலை செய்கிறவர்கள் வீட்டு வாசலுக்கே வந்து நியாயம் கேட்பார்கள். பத்து வருடத்துக்கு மேலாக அந்த கிளினிக்கில் உயிர்காக்கும் முதலுதவிக்கு நான்தான் பொறுப்பு. இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை எப்படி அமுக்குவது, எப்படிக் காற்றுக் கொடுப்பது என்று டாக்டர் முதல் அட்டெண்டன் வரை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்து, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பரீட்சை வைத்து, பாஸ் என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. என் கையில் யாரும் ஃபெயில் ஆனதே இல்லை. அதைப் போகிற வருகிற இடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பரீட்சைக்கு ஒரு ரப்பர் பொம்மை உண்டு. இடுப்புக்கு மேலே மட்டும் இருக்கும் ஆண் பொம்மை. முதுகில் அரசாங்கச் சொத்து என்று ஸ்டிக்கர். அது என் பெயரில் இருந்தது. ஒரு வருடம், வாட்டசாட்டமான ஓர் அட்டெண்டன் அமுக்கிய அமுக்கில் அதன் நெஞ்சுத் தகடு படாரென்று உடைந்தது. வந்ததே வினை. எப்படி உடைந்தது, யார் உடைத்தார், அந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய் என்று மேலிடத்திலிருந்து கேள்வி மேல் கேள்வி. கடிதம் எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோனது. புதுத் தகடு வந்து சேர மூன்று மாதம் ஆயிற்று.

அன்றிலிருந்து பொம்மையைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே ஆரம்பித்துவிடுவேன்.

"பெலான் பெலான் லா. மெதுவா அமுக்குங்க. ஒடைஞ்சா மேலிடத்துக்கு யாரு சுராட் எழுதுறது? நீங்களா எழுதப் போறீங்க?"

எல்லோரும் சிரிப்பார்கள். மெதுவாக அமுக்குவார்கள். எழுத்துப் பரீட்சையில் எவ்வளவு ஆழம் என்ற கேள்விக்கு ஐந்திலிருந்து ஆறு சென்டிமீட்டர் என்று அத்தனை பேரும் சரியாக எழுதுவார்கள். எழுதிவிட்டுப் பக்கத்து அறைக்கு வந்து, இட்லி வெந்துவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பதுபோல் பொம்மையின் நெஞ்சைத் தொட்டுவிட்டுப் போவார்கள். நானும் முப்பது வரை எண்ணி, பாஸ் போடுவேன். சொல்லிக்கொடுக்கும்போது நான் அமுக்கிக் காட்டுவதும் அப்படித்தான் இருந்தது. வருடக்கணக்கில் அப்படியே பழகி, என் கைக்கு அந்த ஆழம்தான் ஆழம் என்று ஆகிவிட்டது.

போன வருடம் எங்களுக்கு ஒரு புது டாக்டர் வந்தார். மலாய்க்காரப் பெண், சின்ன வயது, பெரிய மருத்துவமனையிலிருந்து மாறி வந்தவர். பரீட்சைக்கு எங்கிருந்தோ ஒரு புது பொம்மையைக் கடன் வாங்கிக்கொண்டு வந்தார். அதன் தோளில் சின்ன விளக்கு. போதுமான ஆழத்துக்கு அமுக்கினால் பச்சை எரியும், இல்லாவிட்டால் மஞ்சள். சிஸ்டர்தான் முதலில் செய்து காட்ட வேண்டும் என்று மரியாதையாகக் கூப்பிட்டார். நானும் கையைத் துடைத்துக்கொண்டு மிடுக்காக மண்டியிட்டேன்.

இரண்டு நிமிடம் அமுக்கினேன். ஒரு தடவைகூடப் பச்சை எரியவில்லை.

பேட்டரி வீக்காக இருக்கும் என்றேன். டாக்டர் பக்கத்தில் வந்து மண்டியிட்டார். ஒல்லியான உடம்பு, குச்சிக் கை. அவர் அமுக்க அமுக்கப் பச்சை, பச்சை, பச்சை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோருக்கும் மஞ்சள். ஒரே ஒருத்திக்குத்தான் பச்சை எரிந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. என்னிடம் படிக்காதவள்.

பதிவேட்டில் என் பெயருக்கு நேராக நானே ஃபெயில் என்று எழுதினேன். அது வெட்கம், அவ்வளவுதான். இரண்டு நாளில் ஆறிவிடும். காரில் வீட்டுக்குப் போகும் வழியில், செம்பனைத் தோட்டச் சாலையில், அந்த மனிதர் நினைவுக்கு வந்தார். காரை ஓரமாக நிறுத்திவிட்டேன். வண்டி ஓட்டுகிற நிலையில் நான் இல்லை.

அதற்கு இரண்டு வருடம் முந்தி, ஒரு காலை நேரம். சர்க்கரை நோய்க்கு மருந்து வாங்க வந்த ஓர் அம்மாவுக்குத் துணையாக அவருடைய கணவர் வந்திருந்தார். நம்பர் கூப்பிடும் வரை உட்கார்ந்திருந்தவர் நாற்காலியிலிருந்து அப்படியே சரிந்தார். ஓடிப்போய்க் கீழே படுக்க வைத்தோம். நாடி இல்லை. மின்சாரம் கொடுக்கும் கருவியை ஒட்டினோம். ஷாக் தேவையில்லை, அமுக்குவதைத் தொடருங்கள் என்றது. ஆக, அவருக்கு மிச்சம் இருந்தது எங்கள் கைதான். நானும் ஓர் அட்டெண்டனும் மாறி மாறி அமுக்கினோம். அப்போதிருந்த டாக்டர் தலைமாட்டில் காற்று கொடுத்தார். அவரும் என்னிடம் பாஸ் வாங்கியவர்தான். ஆம்புலன்ஸ் வரும் வரை நாங்கள் நிறுத்தவில்லை. மனிதர் பிழைக்கவில்லை.

அந்த அம்மா அதற்குப் பிறகும் லாயாங் லாயாங் ஊரிலிருந்து பஸ் ஏறி எங்களிடமே வந்தார். மகன் சிங்கப்பூரில் வேலை. வேறு துணை இல்லை. வரும்போதெல்லாம் என் மேசையைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொள்வார். "கடைசி வரைக்கும் விடாம பாத்தீங்க மிஸ்ஸி" என்பார். இங்கே நர்ஸ் என்றால் மிஸ்ஸிதான். ஒரு தீபாவளிக்கு ஒரு டின் முறுக்கு கொண்டுவந்து கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன். வீட்டில் எல்லோரும் தின்றோம். செம்பனைச் சாலையில் நிறுத்திய காரில் அந்த முறுக்கும் நினைவுக்கு வந்தது.

மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். அப்படி விழுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் என்ன செய்தாலும் பிழைப்பதில்லை, உங்களால்தான் போனார் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். நல்ல பெண். என்னைத் தேற்றத்தான் சொன்னார். எனக்கு ஆறுதலாக இல்லை, எரிச்சலாக இருந்தது. உங்களால் போகவில்லை என்றும் யாராலும் சொல்ல முடியாதே.

அந்த அம்மாவிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். சொல்லி யாருக்கு என்ன லாபம், இருக்கிற நிம்மதியையும் கெடுப்பானேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நிம்மதி யாருடையது என்று யோசிக்கவில்லை.

அடுத்த மாதம் அவருடைய முறை வந்தது. ரத்த அழுத்தம் பார்க்க என் எதிரில் உட்கார்ந்தார். மேசைக்குப் பக்கத்தில் புது பொம்மை படுத்திருந்தது. நாங்கள் எல்லோரும் மறுபடியும் முதலிலிருந்து பழகிக்கொண்டிருந்த சமயம் அது.

"அது என்னா பொம்ம மிஸ்ஸி?"

"நெஞ்ச அமுக்கிப் பழகுறதுக்கும்மா."

கையில் பட்டையைச் சுற்றினேன். அவர் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுத்தம் எப்போதும் இல்லாத அளவுக்கு ஏறியிருந்தது. மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"மிஸ்ஸி, அன்னைக்கு நான் ஒன்னு சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

"என்னா சொன்னீங்கம்மா?"

"நீங்க அவர அமுக்கிக்கிட்டு இருந்தப்ப, மெதுவா அமுக்குங்க மிஸ்ஸி, எலும்பு ஒடைஞ்சிரப் போவுதுன்னு நான் கத்துனேன். ஒரு தடவ இல்ல, ரெண்டு மூனு தடவ. அப்பறம் மவன் ஃபேக்டரில கோர்ஸ் போய்ட்டு வந்து சொல்றான், நல்லா அழுத்தி அமுக்கணுமாம், எலும்பு ஒடைஞ்சாக்கூட நிறுத்தக் கூடாதாம். நீங்க மெதுவாதான் அமுக்குனீங்க. நான் பாத்துக்கிட்டேதான இருந்தேன். நான் சொன்னதுனாலதான அப்படிச் செஞ்சீங்க?"

நான் அவர் கையிலிருந்த பட்டையைக் கழற்றினேன்.

"ஒங்க கையப் புடிக்கிறப்பல்லாம் கேக்கணும்னு வாய் வரைக்கும் வரும் மிஸ்ஸி. கேட்டு, ஆமான்னு சொல்லிட்டீங்கன்னா நான் என்னா பண்றதுன்னு பயந்துகிட்டு போயிருவேன்."

ஒரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இல்லம்மா, நாங்க நல்லாத்தான் அமுக்குனோம், ஒங்களுக்கு அப்படித் தெரிஞ்சிருக்கு. ஆனால் அவர் கண்ணால் பார்த்தவர். அந்தப் பொய் எடுபடாது. எடுபடாவிட்டால் பழி முழுவதும் அவர் தலையிலேயே நின்றுவிடும். உண்மையாகவே எனக்கு அவர் கத்தியது நினைவில் இல்லை. அந்த நேரத்தில் என் காதில் விழுந்ததெல்லாம் நான் எண்ணிய எண் மட்டும்தான்.

"நீங்க கத்துனது என் காதுல விழவே இல்லம்மா" என்றேன். "எனக்கு அவ்ளோதான் அமுக்கத் தெரியும். தப்பாப் பழகிட்டேன். மத்தவங்களுக்கும் அப்படியேதான் சொல்லிக்கொடுத்தேன். போன மாசந்தான் அது எனக்கே தெரிஞ்சிச்சு."

ஏன் அப்படிப் பழகினேன் என்பதையும் சொன்னேன். பொம்மை உடைந்ததை, கடிதங்களை, எல்லாவற்றையும். சொல்லும்போது அது எவ்வளவு அற்பமான காரணம் என்று என் காதுக்கே கேட்டது.

"அப்ப நான் சொன்னதுனால இல்ல" என்றார்.

"இல்லம்மா."

"நான் வாயத் தொறக்காம இருந்திருந்தாலும் அப்படித்தான் அமுக்கியிருப்பீங்க."

"ஆமாம்மா."

கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். திட்டுவார் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்த அழுகையில் கோபம் இல்லை. இரண்டு வருடமாகச் சுமந்ததை இறக்கி வைத்த அழுகை. அதைப் பார்த்து எனக்கும் கொஞ்சம் லேசானது. இப்படி லேசாகிறோமே என்று என் மேலேயே எனக்குக் கோபமும் வந்தது.

பத்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி அழுத்தம் பார்த்தேன். இறங்கியிருந்தது. புத்தகத்தில் எழுதிக் கொடுத்தேன். எழுந்து கதவு வரை போனவர் திரும்பி நின்றார்.

"நல்லா அழுத்தி அமுக்கியிருந்தா அவரு இருந்திருப்பாரா மிஸ்ஸி?"

"தெரியாதும்மா" என்றேன். அது ஒன்றுதான் நான் அவருக்குச் சொல்ல முடிந்த உண்மை.

"அப்ப நானும் தெரியாமலேதான் போய்ச் சேரணும்" என்று சொல்லிவிட்டு அவர் மருந்து வாங்கும் வரிசைக்குப் போனார்.