மைசூருக்குப் போன ஊசி

இதை எழுதாமயே விட்டிருப்பேன். அஞ்சாங்கிளாஸோட பள்ளிக்கூடத்துக்குக் கும்புடு போட்டவன் நான். பேனா புடிச்சா மம்முட்டிக் காம்பு புடிச்ச மாதிரி விரலு நிக்கும். ஆனா ஹனூரு காப்பிக்கடைல வேல பாக்கற என் கூட்டாளி சூசை, "மைசூரு போறயாமா, அரமன எப்படி, லைட்டு எப்படி, விவரமா எழுதுடா, இங்க வாசகசாலைல படிச்சுக் காட்டறேன்"னு கார்டு போட்டிருந்தான். அரமனைய எங்கடா பாத்தேன்? சுவத்தப் பாத்தேன். மிச்சமெல்லாம் வவுறு எரிஞ்ச கதை. எரியற சூட்டோடயே எழுதறேன்.

போனது எங்கக்கா ஆரோக்கியத்துக்காக. மச்சான் தையக்காரரு, போயிச் சேந்து ரெண்டு வருசமாச்சு. அவரு மிஷின வைத்தியத்துக்கே வித்தாச்சு. அக்காளும் நல்லாத் தெப்பா. இப்ப ராகிக்காட்டுல களை எடுக்கறா. புருசன் இல்லாத பொம்பளைங்களுக்கு சர்க்கார் மிஷின் குடுக்குதுன்னு கேட்டு கோயமுத்தூருக்கு மனு போட்டோம். அப்ப நாங்க கோயமுத்தூர் ஜில்லா. போன நவம்பர்ல நாங்க யாரும் ஒரு அடி நகரல, எங்கூரு மார்டள்ளி மட்டும் மைசூர் ராஜ்யத்துக்குப் போயிருச்சு. "நீங்க இப்ப எங்க ஆளுங்க இல்ல"ன்னு மனு திரும்பி வந்துச்சு.

அதுக்குள்ள எலெக்ஷன் வந்துருச்சு. தொப்பி போட்ட கட்சிக்காரரு ஒருத்தரு லிஸ்ட்டோட ஊருக்கு வந்தாரு. "மைசூர்ல விழா. தலைவர் கையால பதினாலு பேருக்கு மிஷின். ஆரோக்கியம் பேரும் இருக்கு. லாரி அனுப்பறோம்"ன்னாரு. லாரி இன்னும் வந்துட்டே இருக்கு.

காத்தால அஞ்சு மணி. ரோட்டுக்கு நடந்து வந்து பஸ்ஸு புடிச்சோம். கொள்ளேகாலு முப்பது மைலு, ஆளுக்குப் பதினாலணா. அக்கா கையில ஒரு பை, தோள்ல ஒரு கயிறு. திரும்பி வரப்ப மிஷின பஸ்ஸு மேல கட்டணுமாம்.

"கயிறு எதுக்கும்மா?"ன்னாரு கண்டக்டரு.

"மிஷின் கட்டறதுக்குங்க. மேல எடம் வெப்பீங்களா?"

"வரட்டும், பாக்கலாம். போன வாரம் கம்பளி குடுக்கறாங்கன்னு போனவங்களும் இப்படித்தான் கேட்டாங்க."

அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

கொள்ளேகால்ல வண்டி மாறுனோம். அங்கிருந்து நாப்பது மைலு, ஒண்ணே கால் ரூபா. பக்கத்து சீட்டுல தோள்ல துண்டு போட்ட இன்னொரு கட்சிக்காரரு. விசயத்தக் கேட்டதும் பொங்கிட்டாரு. "அந்தத் திட்டமே எங்களுதப்பா! நாங்க கேட்டதுனாலதான் அவங்க குடுக்கறாங்க!"

"கேட்டது நீங்க, குடுக்கறது அவங்க, தெக்கறது எங்கக்கா. மேல்சக்கரம் அவங்களுக்கு, கீழ்ச்சக்கரம் உங்களுக்குன்னு பிரிச்சுக்கலாமுங்களா?"ன்னேன். அவரு சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அக்கா என் தொடையில கிள்ளுனா.

பதினோரு மணிக்கு மைசூரு. ரோடு அகலம். எங்கூர்ல ரெண்டு வண்டி எதிரெதுத்தாப்புல வந்தா ஒண்ணு காட்டுக்குள்ள எறங்கணும், இங்க ஆறு ஜட்கா ஜோடியாப் போவுது. தேவராஜ மொஹல்லாங்கற பேட்டையில மார்க்கெட்டு கிட்ட பந்தல். மல்லியப்பூ வாசம், அழுகுன வாழப்பழ வாசம், ரெண்டும் ஒண்ணா வருது. மேடையில ஒரு மிஷினு, அதுக்கு ரோசாப்பூ மாலை.

"மிச்சம் பதிமூணுங்க?"ன்னேன் லிஸ்ட்டுக்காரரு கிட்ட.

"கொடோன்ல இருக்குப்பா. சும்மா உக்காரு."

தலைவரு வந்தப்ப ஒரு மணி இருக்கும். கன்னடத்துல பேச, லிஸ்ட்டுக்காரரு தமிழ்ல சொன்னாரு. ரோடு நாங்க போட்டோம்னாரு. அந்த ரோட்டுலதான் எங்கக்கா மூணு தடவ வாந்தி எடுத்தா. மார்டள்ளிக்குக் கெணறு நாங்க வெட்டுனோம்னாரு. அட, அந்தக் கெணத்துல மண்ணு சுமந்த எங்கய்யனுக்கு இன்னும் முதுகு நிமிரல! நான் எந்திரிச்சேன். அக்கா சட்டையப் புடிச்சு இழுத்து உக்கார வெச்சா. "வாய மூடுடா. மிஷின் வரட்டும் மொதல்ல."

ஒவ்வொருத்தியாக் கூப்புட்டாங்க. மிஷின் மேல கை வெக்கணும், தலைவரு பக்கத்துல நிப்பாரு, போட்டோக்காரன் ஒரு மின்னல் அடிப்பான், எறங்கணும். அஞ்சு பேரு எறங்குனாங்க. ஆறாவது அக்கா. அவ கை வெக்கல, குனிஞ்சு பாத்தா.

"இதுல ஊசி இல்லீங்களே?"

அக்கா பையிலிருந்து ஒரு தீப்பெட்டி எடுத்தா. உள்ள மச்சானோட ஊசி. மிஷின வித்தப்ப அத மட்டும் கழட்டி வெச்சிருந்தா, எனக்கே தெரியாது. நூலும் கொண்டாந்திருந்தா. ஊசிய மாட்டி, நூலக் கோத்து, மேடை ஓரத்துல பிரிஞ்சு தொங்குன கட்சிக் கொடிய இழுத்து ஒரு ஓட்டு ஓட்டுனா பாருங்க, கோடு போட்ட மாதிரி! ரெண்டு வருசம் கழிச்சு அவ காலு மிதியில ஆடுது. சனம் கை தட்டுச்சு. தலைவருக்கு வாயெல்லாம் பல்லு. போட்டோக்காரன் துள்ளுனான்: "இதே போஸு எல்லாருக்கும்!"

ஆக, அக்காளுக்கப்பறம் வந்த எட்டுப் பேரும் எங்க மச்சான் ஊசியில உக்காந்து தெக்கற மாதிரி நடிச்சாங்க. முடிஞ்சதும் ரெண்டு பேரு மிஷினத் தூக்கி ஜீப்புல வெச்சாங்க. ஜீப்பு கெளம்பிருச்சு.

"ஊசி! என்ற ஊசி!"ன்னு அக்கா பின்னாடியே ஓடுனா. மார்க்கெட்டுக்காரனுங்க சிரிச்சானுங்க.

நான் லிஸ்ட்டுக்காரரப் புடிச்சேன். "என்னுங்க இது, குடுத்ததத் தூக்கிட்டுப் போறீங்க?"

"அது அடையாளத்துக்குக் குடுத்ததுப்பா. எலெக்ஷன் முடியட்டும், மிஷின் வீடு தேடி வரும்."

"அப்ப ஓட்டும் அடையாளத்துக்கே போடறோமுங்க. பெட்டிக்கிட்ட வந்து போட்டோ மட்டும் புடிச்சுக்கங்க."

கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளிட்டாங்க.

மிஷின் பலகையில ஒரு தையக்கடை பேரு எழுதியிருந்தத அக்கா பாத்து வெச்சிருந்தா. மண்டி மொஹல்லான்னு போட்டிருந்துச்சாம். விசாரிச்சுப் போய்ச் சேர்றப்ப மூணு மணி. ஒரு சந்துக்குள்ள கடை. தமிழ்க்காரரு, நாப்பது வருசமா மைசூருல இருக்கறவரு. மிஷின் இருந்த எடம் காலியா இருக்க, தரையில உக்காந்து கையால பித்தான் தெச்சுட்டிருந்தாரு. எங்களப் பாத்ததும் குதிச்சு எந்திரிச்சு, பழக்கத்துல கன்னடத்துலயே வாங்கன்னாரு.

"பன்னி, பன்னி! மிஷின் கொண்டாந்தீங்களா?"

"நாங்களே அதத் தேடித்தானுங்க வந்தோம்."

"அய்யோ தேவரே, கடவுளே! ஒரு நாளைக்குன்னு எரவல் வாங்கிட்டுப் போனாங்கப்பா. இன்னைக்கு நாலு நாளு. ஊர் ஊரா ஜீப்புல சுத்துதாம். கல்யாணத் துணியெல்லாம் அப்படியே கெடக்கு. நல்ல வேளை, ஊசிய மட்டும் நான் கழட்டிட்டுத்தான் குடுத்தேன்."

"நான் மாட்டிக் குடுத்துட்டேனுங்க"ன்னா அக்கா.

அவரு மேசைகிட்டப் போனாரு. டிராயரத் தொறந்து ஒரு புது ஊசி எடுத்து நீட்டுனாரு. "எடுத்துக்கோ தாயி."

"வேண்டாமுங்க. இருந்த ஊசிக்கே மிஷினத் தேடித்தான் இத்தன தூரம் வந்தேன்."

அஞ்சரை மணி வண்டி. அரமனைச் சுவரு ஓரமாப் போச்சு. லைட்டு போடறதுக்குள்ள டவுனு தாண்டிட்டோம், சூசை, அதையும் என்னால எழுத முடியல. அக்கா கயித்த மடியில வெச்சுச் சுத்திட்டே இருந்தா. எங்கூர்ல ஒரு பூசணிக்காயக் குடுத்தாக்கூட குடுத்ததுதான். குழம்பு கொதிக்கறப்ப வந்து அள்ளிட்டுப் போகமாட்டாங்க. மைசூருல கை தட்டிக் குடுக்கறாங்க, கை தட்டி முடியறதுக்குள்ள ஜீப்பு கெளம்பிருது. நம்ம ஊரு எந்த ராஜ்யத்துல இருந்தா என்ன?

பாதி வழியில அக்கா வாயத் தொறந்தா. "ஓட்டு என்னைக்குடா?"

"அடுத்த மாசம். எதுக்குக்கா?"

"அந்த லிஸ்ட்டுக்காரன் வருவானில்ல. ஊசியக் கேக்கணும்."

இத்தனையும் எழுதி சூசைக்கு அனுப்புனேன். ஒரே வரியில கார்டு வந்துச்சு:

"நேத்து ஹனூர்லயும் மிஷின் குடுத்தாங்கடா, எங்க சின்னம்மா உக்காந்து தெச்சா, ஊசி நல்ல ஊசி."