சலவைக்கடை அக்காவின் பன்னிரண்டு அடி

சலவைக்கடை அக்கா யாரைப் பற்றியும் விசாரித்துத் தெரிந்துகொண்டதே இல்லை. ஆளைவிட அவன் சட்டை அவளிடம் அதிகம் பேசும். எந்த அதிகாரி மேசையில் முழங்கையை ஊன்றித் தூங்குகிறார், எந்த வாத்தியார் வீட்டுக்குத் தெரியாமல் புகைக்கிறார், எல்லாம் அழுக்கு மூட்டையை அவிழ்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிடும். வெளியே மட்டும் ஒரு சொல் வராது. அழுக்கோடு சேர்த்து அதையும் அலசி விட்டுவிடுவாள்.

இருபத்து மூன்று வயதில் ஓர் அலுமினிய அண்டாவோடு தொடங்கியவள். இன்று இரண்டு லாட்ஜுகளும் ஒரு மருத்துவமனையும் அவள் கையை நம்பி இருக்கின்றன. தினமும் எழுபது படுக்கை விரிப்புகள். துவைப்பது அவள், இஸ்திரி கணவர். அவர் வாயைத் திறந்து பேசித் தெருவில் யாரும் கேட்டதில்லை. "எங்க வீட்டுச் சூடு மொத்தமும் இஸ்திரிப் பெட்டிக்குப் போயிடுச்சு, மனுஷனுக்கு மிச்சமே இல்ல" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

எழுபதும் காய்வது அவள் வீட்டுக்கும் கொத்தனார் வீட்டுக்கும் நடுவே கிடந்த பன்னிரண்டு அடி அகல நிலத்தில். அந்த நிலம் எவர் பத்திரத்திலும் கிடையாது. முள்ளும் ஓட்டாஞ்சில்லுமாகக் கிடந்ததை வெட்டித் திருத்தி, கம்பம் நட்டுக் கொடி கட்டியவள் அக்காதான். இத்தனை வருடத்தில் ஏன் என்று கேட்க ஒரு நாதி இல்லை.

அப்போதுதான் தாலுகா ஆபீஸிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. பதிவில் இல்லாத நிலத்தைப் பத்து வருடத்துக்கு மேல் யார் அனுபவித்து வருகிறாரோ, விசாரித்து அவர் பேரிலேயே எழுதித் தருவார்களாம். அறிவிப்பு ஒட்டிய மறுநாள் காலை அக்கா கதவைத் திறந்தால், நிலத்தில் இரண்டு லோடு மணல். துவைக்கிற மேடை அதற்குள் புதைந்து கிடந்தது. கொடிக்கம்பங்கள் பிடுங்கி ஓரமாகச் சாத்தப்பட்டிருந்தன.

"என்ன தம்பி இது?"

"என் இடம், என் மணல்." கொத்தனார் பல் துலக்கிக்கொண்டே சொன்னார். "பதினஞ்சு வருஷமா நான்தானே அக்கா இங்க சாரமும் செங்கல்லும் போட்டு வெச்சிருக்கேன்?"

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுடா. உன் செங்கல் மேலயா என் பெட்ஷீட் காஞ்சுது?"

"பேப்பர் இருக்கா உன்கிட்ட?"

இல்லை. அவரிடமும் இல்லை. ஆனால் மணல் இருந்தது.

மொட்டை மாடியில் முப்பது விரிப்புக்குத்தான் இடம். மீதி நாற்பதும் அரை ஈரத்தோடு போய்ச் சேர, லாட்ஜ் மேனேஜர் முகத்தைச் சுளித்தார். "வாடை அடிக்குதும்மா. அடுத்த வாரமும் இப்படின்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்." சாட்சி சொல்லத் தெருவில் ஆள் தேடினாள். எல்லாம் மதில்மேல் பூனைகள். "உன் வெளுப்பும் எனக்கு வேணும், அவன் கட்டுற சுவரும் வேணும். என்னை விட்டுடு தாயே" என்று மளிகைக்கடைக்காரர் கும்பிடே போட்டுவிட்டார்.

கொத்தனாருக்குத் தெருவில், மட்டம் பார்க்கும் கருவியின் பேரால், ரசமட்டம் என்று பட்டப்பேர். சாப்பிட உட்கார்ந்தால் தட்டு சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார். வழியில் போன எவனோ சுவர் கோணல் என்று சொன்னதற்காக, எழுப்பிய சுவரை இடித்து மறுபடி கட்டியவர். காலர் மடிப்பு ஒரு நூல் இறங்கியிருக்கிறது என்று ஒருமுறை சட்டையையே திருப்பி அனுப்பினார். அன்று அக்கா கோபப்படவில்லை. மறுபடி இஸ்திரி போடச் சொல்லிவிட்டு, அதை மனசில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

விசாரணை நாளில் சர்வேயர் வந்தார். நாடாவைப் பிடிக்க மணல் மறித்தது. அளந்தால் காரியம் முடிந்த மாதிரிதான் என்ற அவசரத்தில் கொத்தனாரே மண்வெட்டியை எடுத்துத் தள்ளினார். தள்ளத் தள்ள, வழவழவென்று ஒரு சிமெண்ட் மேடை வெளியே வந்தது.

"இது யார் போட்டது?" என்றார் சர்வேயர்.

"தெரியல சார். முன்னாடியே கிடந்தது" என்றார் கொத்தனார், மேடையைப் பார்க்காமல்.

அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஆமா சார், எவனோ அரைகுறை போட்டுட்டுப் போயிருக்கான். பாருங்க, ஒரு பக்கமா சாஞ்சு கிடக்கு. மட்டம் பிடிக்கத் தெரியாத பய."

கொத்தனாரின் மண்வெட்டி நின்றது.

"தண்ணி ஊத்தினா வடியவே வடியாது சார். குளம் மாதிரி நிக்கும். இவனெல்லாம் கொத்துக்கரண்டி பிடிக்கலைன்னு யாரு அழுதா?"

"யாரு சொன்னது நிக்கும்னு?" கொத்தனார் மண்வெட்டியை வீசி எறிந்தார். "அது சாய்வு இல்ல, தண்ணி ஓடுற வாட்டம்! அடிக்குக் கால் இஞ்சு, அளந்து விட்டது! துவைக்கிற மேடைக்கு வாட்டம் விடாம? அலசின தண்ணி கால்ல தேங்குதுன்னு அன்னிக்கு நீதானே அக்கா வந்து நின்ன? பதினாலு வருஷம் ஆச்சு, ஒரு விரிசல் காட்டு பாப்போம்! ஒண்ணே ஒண்ணு!"

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது.

சர்வேயர் பேனா மூடியைக் கழற்றினார். "பதினாலு வருஷத்துக்கு முன்னாடி, இந்தம்மா துவைக்கிறதுக்காக, நீங்க போட்டுக் குடுத்தீங்க. அப்படித்தானே?"

கொத்தனார் மேடையைப் பார்த்தார். தான் போடவில்லை என்று இன்னொரு முறை சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. "பதினாலு இல்ல சார். பதினாலரை." இஸ்திரிக்காரர்தான். தெருவே திரும்பிப் பார்த்தது.

இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு சர்வேயர் கிளம்பினார். பதிவில் அக்காவின் பேர் ஏறப்போவது உறுதியாயிற்று. கொத்தனார் மட்டும் அங்கேயே நின்றார். அக்கா உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து மேடையின் மேல்முனையில் கவிழ்த்தாள். தண்ணீர் எங்கும் தயங்காமல் நேரே ஓடி, கீழ்முனைக் கால்வாயில் இறங்கியது. ஒரு சொட்டுகூடத் தேங்கவில்லை.

"வேலை சுத்தம்டா தம்பி. அதுல யாரும் குறை சொல்ல முடியாது."

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "மணலை எங்க கொண்டுபோய்க் கொட்டுறது அக்கா?"

"பின்னால ஓரமா நாலடி விடறேன், போட்டுக்கோ. ஆனா இனிமே கேட்டுட்டுப் போடு." அவள் கம்பத்தைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். "மொதல்ல இதை நடு. நேரா நிக்கணும்."

அவர் சட்டைப்பையிலிருந்து, நேர் பார்க்கும் தூக்குக்குண்டை எடுத்தார்.