மூச்சை அடக்கி மருந்து அடித்தவர்

கலீலுர் றஹ்மான் மீது நான் முதலில் சந்தேகப்பட்டது பீடிக்காக. 1974 சித்திரையில் கிண்ணியா ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரியாக நான் இருந்தபோது, நெஞ்சில் இழுப்போடு வந்து நின்றார். பீடிதான் என்று முடிவு கட்டிவிட்டேன். "வாயில வெச்சதே இல்ல ஐயா," என்றார். நம்பவில்லை. சளியைச் சோதனைக்கு அனுப்பினேன், சயரோகமும் இல்லை.

ஆள் சங்கு எடுக்கும் சுழியோடி. கடல் அடங்கும் சித்திரையில் கொட்டியாரக் குடாவில் இறங்கத் தொடங்குவார். வள்ளத்தில் கயிறு பிடிப்பது அவர் மனைவி அசனாவின் தம்பி ஜெமீல். சுழியோடிகள் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள். சொந்த அக்காவைக் கைம்பெண்ணாக்க எவனுக்கு மனம் வரும்? மேலே ஜெமீல் தொண்ணூறு எண்ணும்வரை கலீல் கீழே பதறாமல் இருப்பாராம். அந்த வருடம் நாற்பதிலேயே மேலே இழுக்கச் சொல்லிக் கயிற்றை அசைத்துவிட்டார்.

"இந்தத் தொழில் போச்சுதெண்டா எனக்கு வேற ஒண்டும் தெரியாது ஐயா."

மாரியில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கந்தளாய்ப் பக்கம் ஜெமீலின் வயலில் பூச்சிமருந்து அடித்தாராம். அகப்பட்டது என்று நினைத்தேன். ஆனால் துணைக்கு வந்திருந்த ஜெமீலும் மெசினை முதுகில் மாட்டி அடித்தவன்தான். அவனுக்கு இரண்டு நாள் இருமல், அவ்வளவே. ஒரே மருந்து, ஒரே வயல். இவருக்கு மட்டும் ஏன்? விஷயம் என் மண்டையைக் குடைந்தது.

"வாயைத் துணியால் கட்டினீர்களா?"

"எதுக்கு ஐயா? நான் மூச்சே எடுக்கல்லையே! மூச்சைப் பிடிச்சுக்கொண்டு அடுத்த வரம்பு மட்டும் அடிச்சுக்கொண்டு போயிருவன்." பெருமை தாங்கவில்லை மனிதருக்கு.

ஜெமீல் சிரித்தான். "ஓம் ஐயா. நான் பழக்கத்துல எண்ணிக்கொண்டு நிண்டனான். அம்பது, அறுவது வரும்."

"அதுக்குப் பிறகு?"

"பிறகென்ன," என்றார் கலீல், "வரம்புல ஏறி வாயைத் திறந்து ஒரே இழுவை. கடலுக்கு மேல வந்தா இழுக்கிற மாதிரி."

பேனையை வைத்துவிட்டேன். அடித்த மருந்து பனிப்புகார் போல அங்கேயேதானே மிதந்திருக்கும்? மற்றவர்கள் அதைச் சிறுகச் சிறுக உள்ளே எடுத்தார்கள். இவரோ ஒவ்வொரு வரம்பிலும் நெஞ்சு கொண்டமட்டும் அள்ளியிருக்கிறார். இதைச் சொன்னதும் ஜெமீலின் சிரிப்பு நின்றது. வயலுக்குக் கூப்பிட்டவன் அவன்.

வயல் பக்கமே போகக்கூடாது என்று சொல்லி மருந்து கொடுத்தேன். இழுப்பு குறைந்தது; மூச்சின் கணக்கு மட்டும் ஏறவில்லை. அடுத்த சித்திரையில் ஜெமீல் சுழியோடப் பழகினான். கயிறு கலீலின் கைக்கு வந்தது.

எப்படித்தான் இறங்குகிறார்கள் என்று புதினம் பார்க்க ஒருநாள் நானும் வள்ளத்தில் போனேன். ஜெமீல் இறங்கியதும் கலீலும் வாயை இறுக்கி மூச்சைப் பிடித்தார். எனக்கு விளங்கிவிட்டது, மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன். முப்பத்தெட்டில் இருமல் வந்து குனிந்துவிட்டார்.

"எத்தினை ஐயா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "முப்பத்தெட்டு."

"நான் மேல வந்திட்டன்," என்றார், கயிற்றை விடாமல். "அவன் இன்னும் கீழதான்."